கொக்கி இல்லாத செயின்கள்

எங்கள் வங்கிக் கிளையில் நகை திருடுகிறார்கள் என்று எழுதினார்கள். அந்த வார்த்தையைப் போட்டு எழுதவில்லை. "அடகு நகைகளில் விளக்கமில்லாத குறைபாடுகள் காணப்படுகின்றன. மதிப்பீட்டாளரின் பங்கு விசாரிக்கத்தக்கது" என்று ஆங்கிலத்தில் எழுதினார்கள். தமிழில் ஒரே வார்த்தைதான் அதற்கு. எங்கள் மதிப்பீட்டாளர் அந்தத் தாளை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். படித்துச் சொன்னேன். மனிதர் உரைகல்லை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

நான் ஆந்திர எல்லையில், விஜயபுரம் பக்கத்தில் ஒரு சிறிய கூட்டுறவு வங்கிக் கிளையில் நகைக்கடன் பிரிவைப் பார்க்கிறவள். தலைமை அலுவலகம் சித்தூரில். கிளை என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். உரக்கடைக்கு மேல் மாடி. மழை பெய்தால் யூரியா வாசனை மேலே வரும். வாடிக்கையாளரில் பாதிக்கு மேல் பெண்கள். நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பங்கள், கூலிக்குப் போகிற குடும்பங்கள். விதைக்கு, மோட்டாருக்கு, பிள்ளை படிப்புக்கு, ஆஸ்பத்திரிக்கு என்று எதற்கானாலும் நகையைத்தான் கொண்டுவருவார்கள்.

நகைக்கடனுக்குப் புதிய விதிகள் வந்தன. அடுத்த நிதியாண்டுக்குள் எல்லாக் கிளையும் தயாராக இருக்க வேண்டும் என்று திருப்பதியில் எங்களுக்குப் பயிற்சி வைத்தார்கள். பயிற்சி என்றால் குளிர்சாதன அறையில் ஒருவர் திரையில் இருப்பதை அப்படியே படிப்பார். நாம் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். மதியம் பிரியாணி. பாதிப்பேர் பிரியாணி தின்றுவிட்டு மலைக்குப் போய்விட்டார்கள். நான் போகவில்லை. உட்கார்ந்து கேட்டேன். கேட்டவரையில் சொல்கிறேன், அந்த விதிகள் நல்ல விதிகள். நகையைக் கடன் வாங்குகிறவரின் கண்முன்னால்தான் எடைபோட வேண்டும். கல், அரக்கு, குறை எதுவாக இருந்தாலும் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். சான்றிதழில் நகையின் படம் இருக்க வேண்டும். காகிதம் அவருக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். கடன் முடிந்தால் இழுத்தடிக்காமல் நகையைத் திருப்பித் தர வேண்டும். இதையெல்லாம் செய்யச் சொல்ல விதி வேண்டியிருக்கிறது பாருங்கள், அதுதான் வெட்கம்.

எனக்குப் பதிவேடு என்றால் பிடிக்கும். எழுதி வைத்தது இருந்தால் என்னைப்போன்றவளை யாரும் வாய்ப்பேச்சில் அடக்க முடியாது. எங்கள் குடும்பத்துக்கு நிலம் வந்ததே என் காலத்தில்தான். அதற்கு முன்னால் யார் வேண்டுமானாலும் என் நைனாவை எந்தக் காகிதமும் இல்லாமல் எங்கிருந்து வேண்டுமானாலும் எழுப்பி விடலாம் என்று இருந்தது. அதனால் சக ஊழியர்கள் படிவம் வந்தால் தலையில் அடித்துக்கொள்ளும்போது நான் அடித்துக்கொள்வதில்லை.

திருப்பதியிலிருந்து திரும்பிய வாரமே வேலையைத் தொடங்கினேன். எங்கள் பழைய பதிவேட்டில் நகை விவரம் என்கிற இடத்தில் "செயின் 1", "கம்மல் 1 ஜோடி" என்று இருக்கும். அவ்வளவுதான். இனி அது போதாது. கடனைப் புதுப்பிக்க வருகிற ஒவ்வொரு நகைப் பையையும் திறந்து, படம் எடுத்து, முழு விவரமும் எழுத வேண்டும். கூடவே ஒரு உறுதிமொழியும் வாங்க வேண்டும். நகைக்கு ரசீது இல்லாவிட்டால், அது தனக்குச் சொந்தம், இப்படி இப்படி வந்தது என்று கடன் வாங்குகிறவர் எழுதித் தர வேண்டும். உரிமையில் சந்தேகம் இருந்தால் கடன் கொடுக்கக்கூடாது.

இந்தக் கடைசி விதியைத் திரையில் பார்த்தபோதே குறிப்பேட்டில் அதன் கீழே இரண்டு கோடு போட்டுக்கொண்டேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

தயாரிப்பு எப்படிப் போகிறது என்று பார்க்கத் தலைமை அலுவலகம் ஒரு கணக்காய்வாளரை அனுப்பியது. திருப்பதிக்காரப் பெண். என் மகள் வயதுதான் இருக்கும். கெட்டிக்காரி. வந்ததும் டீ வேண்டாம் என்றாள், பெட்டகத்தைத் திறக்கச் சொன்னாள். ஒரு சாவி என்னிடம், ஒரு சாவி கிளை மேலாளரிடம். மேலாளர் கடப்பா பக்கத்துக்காரர், எங்கள் ஊருக்கு வந்து ஒரு வருடம் ஆகவில்லை. யாராவது மேலிடத்திலிருந்து வந்தால் அவருக்கு வியர்க்கும்.

பைகளை ஒவ்வொன்றாகத் திறந்தோம். எடை பதிவேட்டோடு சரியாக இருந்தது. தங்கத்தின் தரம் சரியாக இருந்தது. நான் நிம்மதியாக இருந்தேன். அவள் திடீரென்று நான்கைந்து செயின்களை மேசைமேல் வரிசையாகப் போட்டாள்.

"இதுக்கெல்லாம் கொக்கி எங்கே?" என்று தெலுங்கில் கேட்டாள்.

ஒன்றுக்கும் கொக்கி இல்லை. இரண்டு முனையையும் மஞ்சள் நூலால் சேர்த்துக் கட்டியிருந்தது. இன்னும் சில பைகளை எடுத்தாள். அவற்றிலும் அப்படித்தான். கம்மல்களில் பலவற்றுக்குத் திருகாணி இல்லை. பெட்டகத்தில் இருந்த செயின்களில் ஏறக்குறைய பாதி நூல் கட்டியவை.

மதிப்பீட்டாளர் அங்கேதான் நின்றார். ஆசாரி. கடைத்தெருவில் சொந்தப் பட்டறை வைத்திருக்கிறார், எங்கள் வங்கிக்கும் மதிப்பு போடுவார். நான் அண்ணா என்று கூப்பிடுவேன். முன்கோபி. சாதாரண நாளில் ஒரு கேள்வி கேட்டால் இரண்டு திட்டு வரும். அன்றைக்கு அவர் உரைகல்லைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எடை சரியா இருக்கே மேடம்" என்றேன்.

"எடை போடறதுக்கு முன்னாடியே கொக்கியக் கழட்டியிருந்தா எடை சரியாத்தானே இருக்கும்?" என்றாள்.

அது நியாயமான கேள்வி. அதுவரை எங்கள் கிளையில் மதிப்பு போடுவது தடுப்புக்குப் பின்னால்தான். நகையை வாங்கி உள்ளே கொண்டுபோவோம், எடைபோட்டு எழுதி வெளியே வருவோம். கடன் வாங்குகிறவள் வெளியில் பெஞ்சில் இருப்பாள். உள்ளே என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது. ஒரு கொக்கி அரை கிராமாவது இருக்கும். இன்றைய தங்க விலைக்கு ஒரு வீட்டு மளிகையே வாங்கலாம். இத்தனை கொக்கி என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அவள் ஒரு பையின் மேலிருந்த எண்ணைப் பார்த்துக் கடன் வாங்கியவளுக்குப் போன் செய்தாள். பேருந்து நிறுத்தத்தில் இட்லிக்கடை வைத்திருக்கும் பெண் அவள். ஒலிபெருக்கியில் போட்டதால் எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

"உங்க செயினுக்குக் கொக்கி இருந்துச்சா அம்மா?"

முதலில் அந்தப் பக்கம் இட்லிப் பானை மூடியின் சத்தம் வந்தது. பிறகு சொன்னாள்:

"இருந்திச்சி மேடம். கொக்கி இல்லாம செயினு எப்படி இருக்கும்? என்னுது தானே, எனக்குத் தெரியாதா?"

கணக்காய்வாளர் போனை வைத்தாள். மேலாளர் "அய்யோ ராமா" என்றார். மதிப்பீட்டாளர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். எங்கள் இருவருக்கும் தெரியும் அது அவளுடைய செயின் இல்லை என்று. அது எங்கள் தெருவின் மூலைவீட்டு அக்காவுடையது.

இப்போது அந்தக் கொக்கி விஷயத்தைச் சொல்கிறேன்.

எங்கள் எல்லையோரக் கிராமங்களில் பெண்கள் ஒருவருக்கொருவர் நகையை இரவல் கொடுப்பார்கள். கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ள இல்லை. பேங்கில் வைத்துக்கொள்ள. பணமாகக் கேட்டால் இல்லை என்பார்கள், உண்மையிலேயே இருக்காது. ஆனால் செயினைக் கழற்றிக் கொடுப்பார்கள். காகிதம் கிடையாது, சாட்சி கிடையாது, வட்டி கிடையாது. ஒன்றே ஒன்றுதான் செய்வார்கள். கொடுப்பதற்கு முன்னால் கொக்கியைக் கழற்றித் தன்னிடம் வைத்துக்கொள்வார்கள். கம்மல் என்றால் திருகாணியை. கொக்கி இல்லாத செயினை வாங்கினவள் கழுத்தில் போட முடியாது, தன்னுடையது என்று நாலுபேர் முன்னால் காட்ட முடியாது. கொடுத்தவள் கடுகு டப்பாவில் கொக்கியைப் பார்க்கும்போதெல்லாம் செயின் வெளியே இருக்கிறது என்று ஞாபகம் வரும். செயின் திரும்பி வந்ததும் மாட்டிக்கொள்வாள். முடிந்தது.

இன்னொரு வசதியும் உண்டு. வீட்டுக்காரன் கழுத்தைப் பார்த்து எங்கே செயின் என்று கேட்டால், கொக்கியை எடுத்துக் காட்டி "அறுந்துபூட்ச்சி, பத்தவெக்க ஆசாரிகிட்ட குடுத்துக்கீறேன்" என்று சொல்லிவிடலாம். ஆண்களுக்கு இதில் பங்கு கிடையாது. அவர்களுக்குத் தெரிந்தால் அந்தச் செயின் அவர்கள் தேவைக்குத்தான் போகும்.

என் அம்மா நாற்று நட்டவள். அவள் கழுத்தில் மஞ்சள் கயிற்றைத் தவிர எதையும் நான் பார்த்ததில்லை. நான் கல்லூரியில் சேர்ந்தது அப்படியொரு கொக்கி இல்லாத செயினில்தான். இதைச் சொல்லிக் கண்ணீர் விட எனக்கு நேரம் இல்லை. அந்த வழக்கம் வேலை செய்கிறது என்பதற்கு நானே ஆதாரம் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

அண்ணனுக்கு இது தெரியும். நூல் கட்டிய செயினை மேசையில் வைத்ததுமே அவர் எதுவும் கேட்காமல் எடைபோடுவார். பதிவேட்டில் "செயின் 1" என்று எழுதுவார். கொக்கி இல்லை என்று எழுத வேண்டும் என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. எல்லாருக்கும் தெரிந்ததை எதற்கு எழுதுவது என்று அவர் நினைத்தார். அங்கேதான் மாட்டிக்கொண்டார்.

இப்போது பாருங்கள் சிக்கலை. கொக்கி எங்கே என்பதற்கு உண்மையான பதிலைச் சொன்னால், இந்த நகையெல்லாம் கடன் வாங்கியவளுக்குச் சொந்தமில்லை என்று ஆகும். உரிமையில் சந்தேகம் உள்ள நகைக்குக் கடன் இல்லை. பாதிப் பெண்களின் கடன் புதுப்பிக்கப்படாது. சொல்லாவிட்டால் அண்ணன் திருடன். ஒருமுறை அந்தப் பெயர் ஏறிவிட்டால் எந்த வங்கியும் அவரைச் சேர்க்காது. அது மட்டுமா, கடைத்தெருவில் ஒரு மூக்குத்தி பற்றவைக்கக்கூட அவர் பட்டறைக்கு யாரும் போகமாட்டார்கள். ஆசாரிக்கு நல்ல பெயர் போனால் வேறு என்ன இருக்கிறது?

அன்று மதியம்தான் கணக்காய்வாளர் தலைமை அலுவலகத்தோடு பேசிவிட்டு அந்த ஆங்கிலத் தாளைக் கொடுத்தாள், அண்ணன் வீட்டுக்குப் போனார். சாயங்காலம் மேலாளர் ஒரு யோசனை சொன்னார். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

"அம்மா, சிம்பிளா முடிச்சிடலாம். எல்லார்கிட்டயும் 'நகை என்னுடையது, கொக்கி இல்லாமலே கொடுத்தேன்'னு பழைய தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிடலாம். ஆசாரியும் தப்பிச்சாரு, லோனும் தப்பிச்சது. ஏமண்டாரு, என்ன சொல்றீங்க?"

"நான் ஏமியும் சொல்றதா இல்ல சார். கையெழுத்து வாங்கமாட்டேன்" என்றேன்.

"எந்துக்கம்மா, ஏன்?"

"நாளைக்கு இட்லிக்கடைக்காரி கடன் கட்டலன்னு வெச்சிக்குங்க. நகை ஏலத்துக்குப் போவும். இல்ல, அவ செத்தா வாரிசுகிட்டப் போவும். யாருதுன்னு கேட்டா உங்க பேப்பரு இன்னா சொல்லும்? அவளுதுன்னு சொல்லும். மூலைவீட்டு அக்கா கையில கொக்கி மட்டும் மிஞ்சும். அந்தப் பொய்ய நான் எழுதித் தரணுமா?"

"அப்போ ஆசாரி?"

"அதுக்கும் வழி பாக்கறேன். எனக்கு ரெண்டு நாள் குடுங்க, மேடத்துக்கும் சொல்லுங்க."

அவர் மின்விசிறியைப் பார்த்தார். பயந்தவர்களிடம் எனக்குக் கோபம் வராது. பயத்தில் பழைய தேதி போடச் சொல்கிறவர்களிடம் வரும். கோபத்தைக் காட்டாமல் எழுந்து வந்தேன். அதுவே பெரிது.

வழியில் அண்ணன் வீட்டைப் பார்த்துவிட்டு மூலைவீட்டுக்குப் போனேன். அக்கா வாசலில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். எங்கள் தெருவில் அவருக்குத்தான் நல்ல செயின். வாயும் அவருக்குத்தான் நீளம்.

"வாம்மா பேங்கு. இன்னா, வாடிப்போய்க் கீற?"

விஷயத்தைச் சொன்னேன். இட்லிக்கடைக்காரி போனில் சொன்னதையும் சொன்னேன்.

"அய்ய, பாவி. கொக்கி இருந்திச்சின்னா சொன்னா?"

"பயந்துக்கினு சொன்னா அக்கா. சொந்தமில்லன்னு தெரிஞ்சா லோன புடுங்கிடுவாங்கன்னு."

"அதுக்கு ஆசாரி தலையில கொண்டும்போய் வெப்பாளா?"

"வெச்சாச்சி. இப்ப நீதான் வரணும். கொக்கிய எட்த்துக்கினு பேங்குக்கு வா. இது என் செயினு, கொக்கி என்கிட்ட கீதுன்னு மேடம் முன்னாடி சொல்லு."

அவர் கடலை உரிப்பதை நிறுத்தவில்லை.

"நல்லா கீதே கத. நான் வந்து நின்னா ஊரே பாக்கும். எங்க ஊட்டுக்காரரு காதுக்குப் போவும். போன தபா செயினு எங்கன்னு கேட்டதுக்கு ரிப்பேருன்னு சொல்லிக்கினு கீறேன். இப்ப உன் பேச்சக் கேட்டுப் போனா, அந்தாளு நாளைக்கே அந்தச் செயின வித்து டிராக்டருக்கு டயரு போடுவாரு."

"சரி அக்கா. நீ வராத. ஆசாரி அண்ணன் ஊட்ட பாத்துட்டு வந்தேன். கதவச் சாத்திக்கினு கீறாரு. பட்டறையும் தொறக்கல. அத மட்டும் சொல்லிட்டுப் போறேன்."

இது மிரட்டல்தான். எனக்கு நயமாகக் கேட்கத் தெரியாது. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"உன் நாக்குல விஷம் கீதுடி" என்றார். "போ."

போனேன். மறுநாள் அவர் வருவாரா என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் காலையில் கணக்காய்வாளர் வந்ததுமே அவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். இரவல் நகை, கொக்கி வழக்கம் எல்லாவற்றையும். அவள் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"இதுக்கு ஆதாரம் இருக்கா?"

"கொக்கிங்கதான் ஆதாரம். ஒவ்வொரு வீட்டுலயும் ஒண்ணு இருக்கு."

"நீங்க சொல்றது உண்மைன்னா இது இன்னும் பெரிய பிரச்சினை, தெரியுமா?"

"தெரியும். ஆனா அது திருட்டுப் பிரச்சினை இல்ல. அதை முதல்ல எழுதுங்க."

அவள் எழுதவில்லை. ஆதாரம் இல்லாமல் எழுதமாட்டேன் என்றாள். அவள் இடத்தில் நான் இருந்தாலும் எழுதமாட்டேன்.

அன்று பதினொரு மணிக்கு மேல் படிக்கட்டில் சத்தம் கேட்டது. மூலைவீட்டு அக்கா. அவருக்குப் பின்னால் இட்லிக்கடைக்காரி, கையில் மாவு காயாமல். அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து வந்திருந்தார். அவர்களுக்குப் பின்னால் இன்னும் நான்கு பெண்கள், எல்லாரும் செயின் இரவல் கொடுத்தவர்கள். ஒருத்தி கொக்கியைப் புடவை முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள், ஒருத்தி தைலப் புட்டியில், ஒருத்தி பிள்ளையின் ஜாமெட்ரி பெட்டியில்.

"யாரு மேடமு?" என்று அக்கா கேட்டார். காட்டினேன். அக்கா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"செயின எடும்மா" என்றார் என்னிடம்.

மேலாளரும் நானும் பெட்டகத்தைத் திறந்து பையை எடுத்தோம். கணக்காய்வாளர் நூலைப் பிரித்தாள். அக்கா ஜாக்கெட்டுக்குள்ளிருந்து சின்னத் தகர டப்பாவை எடுத்தார். கடுகு வாசனை வந்தது. உள்ளே கொக்கி. செயின் வளையத்தில் வைத்து அழுத்தினார். மாட்டிக்கொண்டது. தங்க நிறம், தேய்மானம், ஓரத்தில் பழைய பற்றவைப்பு, எல்லாம் ஒத்துப்போனது. செயினைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கேட்டார்:

"யாருது மேடம் இது? சொல்லுங்க."

கணக்காய்வாளருக்குத் தமிழ் அரைகுறையாகத்தான் வரும். ஆனால் இதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அவள் இட்லிக்கடைக்காரியைப் பார்த்தாள்.

"நீங்க ஏன் போன்ல அப்படிச் சொன்னீங்க?"

"என்னுது இல்லன்னா லோன் போயிடும்னு பயந்துட்டேன் மேடம். ஆசாரி அண்ணாவ மாட்டிவுடணும்னு சொல்லல. சத்தியமா. எனக்கு அந்த யோசனையே வரல."

"வந்திருக்கணும்டி" என்றார் அக்கா.

ஒவ்வொருத்தியாக வந்து மாட்டிக் காட்டினார்கள். ஒரு கொக்கி மட்டும் பொருந்தவில்லை. அந்தப் பெண் இரண்டு செயின் இரவல் கொடுத்திருந்தாளாம், டப்பா மாறிவிட்டது. வீட்டுக்கு ஓடிப்போய்ச் சரியானதை எடுத்து வந்தாள். கணக்காய்வாளர் முதல்முறையாகச் சிரித்தாள். டீ கொண்டுவரச் சொன்னாள்.

இந்த நேரத்தில்தான் மூலைவீட்டு அக்காவின் வீட்டுக்காரர் படி ஏறி வந்தார். உரக்கடைக்கு வந்தவர், மாடியில் பெண்கள் கூட்டம் என்று கேள்விப்பட்டு வந்திருக்கிறார். அக்கா இன்னும் கழுத்தில் செயினோடுதான் உட்கார்ந்திருந்தார்.

"இன்னா, ரிப்பேரு முடிஞ்சிதா?" என்றார் அவர்.

அக்கா முந்தானையை இழுத்துச் செயினை மூடினார்.

"அந்த செயினு நம்ம கல்யாணத்துலேந்து ரிப்பேர்லயேதான் கீது. ஆசாரி பட்டறையில பொறந்த செயினு போல. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினியா? மாட்டு லோனுக்கு என் அக்கா வாங்கினது யார் செயினு? உன்னுது. அவதான் எனக்குச் சொன்னா."

"தெரிஞ்சா ஏன் கேக்கல?" என்றார் அக்கா.

"கேட்டா நீ இன்னும் நல்ல பொய்யா சொல்லுவ. அதுக்கு இதுவே மேலு." அவர் செயினை ஒரு தரம் பார்த்தார். "டயரு நான் வேற வழியில பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அக்கா அவருக்கு டயர் ஆசை உண்டு என்று என்னிடம் சொன்னது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. எங்கள் ஊரில் ரகசியம் என்பதே எல்லாரும் தெரிந்தும் பேசாமல் இருப்பதுதான்.

அண்ணன் தப்பித்தார். கடன்கள் தப்பிக்கவில்லை, அது தனி வேலை. கணக்காய்வாளரும் நானும் உட்கார்ந்து விதிகளை வரி வரியாகப் படித்தோம். நகை கடன் வாங்குகிறவருக்குச் சொந்தமாக இருக்க வேண்டும் என்று இருக்கிறது. கடன் வாங்குகிறவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை. அப்படியானால் கொடுத்தவளும் வாங்கினவளும் சேர்ந்து கடன் வாங்கட்டும். இருவர் பெயரிலும் கடன். உரிமை உறுதிமொழி நகைக்காரி பெயரில், தாய்வீட்டுச் சீர் என்றோ சீட்டுப் பணத்தில் வாங்கியது என்றோ அவளே எழுதித் தரட்டும். கடன் முடிந்தால் நகை நகைக்காரி கையில் போகட்டும். நோட்டீஸ் போனால் இருவருக்கும் போகட்டும்.

இதற்கு அனுமதி வாங்கச் சித்தூருக்கு நானே போனேன். அங்கே ஒருவர் "இதெல்லாம் தேவையா? உறுதிமொழியில கையெழுத்து வாங்கிட்டா முடிஞ்சதே" என்றார். எங்கே போனாலும் இந்த ஆள் இருப்பார். "கையெழுத்து வாங்கினா எனக்கு முடியும். நகைக்காரிக்கு முடியாது" என்றேன். சத்தமாகச் சொன்னேன், பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கணக்காய்வாளரும் தன் குறிப்பில் ஆதரவாக எழுதியிருந்தாள். அனுமதி வந்தது. கூட்டுக் கடன் படிவம் தமிழிலும் தெலுங்கிலும் அச்சாகி வந்தது.

எல்லாரும் சேர்ந்துவிட்டார்கள் என்று பொய் சொல்லமாட்டேன். சில பெண்கள் வரவில்லை. பெயர் காகிதத்தில் ஏறுவது அவர்களுக்கு வேண்டாம். அவர்கள் புத்தூர் பக்கம் தனியார் அடகுக்கடைக்குப் போனார்கள். அங்கே எதுவும் கேட்கமாட்டார்கள், வட்டியைத் தவிர. அதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம்தான். விதி நல்லதாக இருந்தால் மட்டும் போதாது, அதைப் பக்கத்துத் தெரு வரை கொண்டுபோய்ச் சொல்ல ஆள் வேண்டும். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இரண்டு பேர் திரும்பி வந்திருக்கிறார்கள். மற்றவர்களும் வருவார்கள். நான் விடமாட்டேன்.

தடுப்பை எடுத்துவிட்டோம். இப்போது அண்ணன் எல்லார் கண்முன்னால் எடைபோடுகிறார். முதலில் முறைத்தார். ஒரு கிழவி தராசுக்குள் மூக்கை நுழைத்துப் பார்த்தபோது "உள்ளயே வந்து குந்திக்கோயேன்" என்று கத்தினார். பிறகு பழகிவிட்டது. விவரம் என்கிற கட்டத்தில் "செயின் 1. கொக்கி இல்லை. கொக்கி உரிமையாளரிடம் உள்ளது" என்று எழுதுகிறார். கையெழுத்து கொஞ்சம் கோணல், ஆனால் ஒரு வார்த்தை விடமாட்டார்.

திருத்திய அறிக்கை வந்த நாளில் அதை அவருக்குப் படித்துக் காட்டினேன். "குறைபாடுகள் உள்ளூர் வழக்கத்தால் ஏற்பட்டவை. மதிப்பீட்டாளர் மீது எந்தக் குற்றமும் இல்லை." மன்னிப்பு என்ற வார்த்தை அதில் இல்லை. கணக்காய்வாளர் மட்டும் போன் செய்து அவரிடமே வருத்தம் தெரிவித்தாள். அறிக்கை எழுதினவர்களில் அவள் ஒருத்திக்குத்தான் அது தோன்றியது.

அண்ணன் கேட்டார்: "அந்தப் பழைய பேப்பரு எங்க கீது?"

"ஃபைல்ல."

"அதான் புதுசு வந்துடுச்சில்ல. அதக் கிழிச்சிப் போடும்மா. என் பேர வெச்சிக்கினு அது எதுக்கு அங்க கெடக்கணும்?"

"கிழிக்கமாட்டேன் அண்ணா."

"ஏன்?"

"அதக் கிழிச்சா, நாளைக்கி எவனாவது வந்து 'ஏதோ இருந்திச்சி, கிழிச்சிட்டாங்க'ன்னு சொல்லுவான். ரெண்டும் சேர்ந்து இருக்கட்டும். மொதல்ல இன்னா எழுதினாங்க, அப்புறம் ஏன் மாத்தினாங்கன்னு பாக்கறவன் பாக்கட்டும்."

அவர் கையை நீட்டினார்.

"குடு. எது மேல, எது கீழன்னு நான் பாக்கறேன்."

கொடுத்தேன். பழையதைக் கீழே வைத்தார், புதியதை மேலே வைத்தார். ஓரங்களைத் தட்டிச் சமன்செய்து, துளைபோடும் கருவியை வாங்கி இரண்டுக்கும் சேர்த்து ஒரே துளையாகப் போட்டார். பச்சை நாடாவைக் கோத்து அவரே முடிச்சு போட்டார். ஆசாரி போட்ட முடிச்சு. அவிழ்க்க வேண்டுமென்றால் அறுக்கத்தான் வேண்டும்.